வேலை பார்த்துக்கொண்டே மெக்கானிக்கல் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கிறேன்: கேட் எழுதுவதா, ஜெர்மனியா, அமெரிக்காவா?

வாலாஜா மெக்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வருடம் மெக்கானிக்கலில் மாஸ்டர்ஸ் சேர்ந்துவிட வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டேன். எங்கே, எப்படி என்பதில்தான் குழப்பம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் வாலாஜாபேட்டை. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. முடித்தேன். சிஜிபிஏ 7.6. மூன்றாவது செமஸ்டரில் கணக்கில் ஒரு அரியர் இருந்தது, அடுத்த முறையே எழுதி முடித்துவிட்டேன். இப்போது ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் க்வாலிட்டி பிரிவில் வேலை. அனல்மின் நிலையத்தில் புகையோடு போகும் சாம்பலைப் பிடிக்கிற எலக்ட்ரோஸ்டேட்டிக் பிரெசிபிடேட்டர் இருக்கிறதல்லவா, அதற்கான உறைத் தகடுகளும் டக்ட்டும் செய்கிறோம். எங்கள் பிரிவில் பெண் நான் ஒருத்திதான்.

மேலே படிக்க ஆசை வந்ததே இந்த வேலையால்தான். ஆறு மில்லிமீட்டர் தகட்டின் மேல் விறைப்புக்காக ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) வைத்து வெல்டு செய்வார்கள், வெல்டு ஆறியதும் தகடு அப்பளம் மாதிரி வளைந்து நிற்கும். அப்புறம் காஸ் சூடு காட்டி, தண்ணீர் அடித்து நிமிர்த்த வேண்டும், அதிலேயே பாதி ஷிஃப்ட் போய்விடும். ஒருநாள் எங்கள் ஃபோர்மேன், ஒரே ஓட்டமாகப் போடாமல் நடுவிலிருந்து ஆரம்பித்து, விட்டு விட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். வளைவு பாதியாகக் குறைந்தது. நூல் கட்டி அளந்து, எந்த வரிசையில் போட்டால் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஏன் குறைகிறது என்று கணக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் ஆசை.

அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேமிப்பு என்று பெரிதாக இல்லை. அப்பா பெயரிலும் பெரியப்பா பெயரிலும் சேர்ந்து ஒரு மனை இருக்கிறது. வேலூரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன், என் மார்க்‌ஷீட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, எட்டு பல்கலைக்கழகப் பெயர் அச்சடித்த தாளை நீட்டினார்கள். எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று நாமே எழுதும் நோக்க அறிக்கை), சிபாரிசுக் கடிதம் எல்லாம் அவர்களே எழுதித் தருவார்களாம், நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

7.6-ஐ வைத்துக்கொண்டு எங்கே முயற்சி செய்யலாம்? எம்.டெக். சேர்வதற்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதினால் வேலையை விட வேண்டுமா? அந்த ஒரு அரியர் எவ்வளவு தூரம் இடிக்கும்? யாரிடம் கடிதம் வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆற்காட்டான்:

தங்கச்சி, கேட் பற்றி நான் சொல்கிறேன், அந்த வழியில் போய் எம்.டெக். முடித்தவன்.

முதலில் பணம். கேட் தகுதியோடு ஐஐடி, என்ஐடியில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும், பதிலுக்கு வாரத்துக்கு எட்டு மணி நேரம் லேப், டுடோரியல் என்று துறைக்கு வேலை செய்ய வேண்டும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் வீட்டில் கை நீட்டாமல் விடுதிச் சாப்பாட்டைச் சமாளிக்கலாம். உங்கள் வீட்டு நிலைமைக்கு இதை முதலில் வையுங்கள் என்பேன்.

வேலையை விட வேண்டாம். தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் பொது ஆப்டிட்யூட் 15, கணக்கு 13. இந்த 28-ஐத்தான் மெக்கானிக்கல் பசங்க அலட்சியம் செய்வார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும், ஏனென்றால் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகூடப் போட்டுப் பார்க்க முடியும். மீதி 72-க்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், தெர்மோ, ஃப்ளூயிட், மேனுஃபேக்சரிங் நான்கையும் அடிப்படையிலிருந்து பிடியுங்கள். என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாகக் கிடக்கின்றன. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து, திரையில் வரும் கால்குலேட்டரிலேயே போட்டுப் பழகுங்கள், கையில் உள்ள கால்குலேட்டரை உள்ளே விட மாட்டார்கள். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பானால் மூன்றில் ஒரு பங்கு கழியும், விடையை எண்ணாகத் தட்டச்சு செய்யும் கேள்விக்குக் கழிவு கிடையாது, அதனால் அதை ஒன்றுகூட வெறுமனே விடாதீர்கள்.

ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். இந்த முறை சரியாக அமையாவிட்டாலும் அடுத்ததில் எழுதலாம்.

நிறையப் பேர் கோட்டை விடுவது தேர்வுக்கு அப்புறம்தான். கோப் என்ற பொதுத் தளத்தில் பதிவு செய்துவிட்டால் எல்லா ஐஐடிக்கும் விண்ணப்பித்தாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. ஒவ்வொரு ஐஐடிக்கும் அவரவர் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கோப் என்பது வந்த இடத்தை ஏற்பதற்கும், தக்கவைத்துக் காத்திருப்பதற்கும், மறுப்பதற்கும் மட்டும். என்ஐடிகளுக்கு சிசிஎம்டி என்று வேறு கவுன்சலிங். இரண்டையும் தேதி தவறாமல் பாருங்கள்.

இன்னொன்று. ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் ஐஐடி மெட்ராஸில் எம்.எஸ். பை ரிசர்ச் இருக்கிறது, எம்.டெக்கைவிடப் பாடங்கள் குறைவு, ஆய்வு அதிகம். நேர்காணலில் கேள்வி எல்லாம் அடிப்படையிலிருந்துதான் வரும். போர்டில் ஒரு பீம் வரைந்து பெண்டிங் மொமென்ட் போடச் சொல்வார்கள், மோர் வட்டம் (அழுத்தங்களைக் கணக்கிடும் வரைபடம்) கேட்பார்கள், அதைப் பேசிக்கொண்டே போடத் தெரிய வேண்டும். வெல்டிங் என்றால் திருச்சி என்ஐடியில் வெல்டிங் இன்ஜினியரிங் என்றே தனி எம்.டெக். உண்டு, மெட்டலர்ஜி துறையில். அதே திருச்சியில்தான் பெல் (BHEL) நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய இடம் அதுதான்.


காட்பாடி ஜங்ஷன்:

ஆற்காட்டான் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு எம்.இ., எம்.டெக். சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா பிஜி நுழைவுத் தேர்வு எழுதி டான்கா கவுன்சலிங்கில் போகலாம், கேட் மதிப்பெண் இருந்தாலும் அதே கவுன்சலிங்கில் சேரலாம். கிண்டி பொறியியல் கல்லூரி கிடைத்தால் நல்லது. விஐடி பக்கத்திலேயே இருக்கிறது, வீட்டிலிருந்து போய்வரலாம், ஆனால் கட்டணத்தை முழுசாகக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தக் கல்லூரியையும் எடுக்காதீர்கள்.


குடியாத்தம் டு ஆகன்:

நான் ஜெர்மனியில் மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் படிக்கிறேன், உங்களை மாதிரியே அண்ணா பல்கலைக்கழகம்தான். இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. "ஜெர்மனியில் எல்லாம் ஃப்ரீ" என்று யாராவது சொன்னால் எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று திருப்பிக் கேளுங்கள்.

கட்டணம் இல்லை என்றாலும் கையில் பணம் காட்டாமல் வர முடியாது. விசாவுக்கு முன்பே பிளாக்டு அக்கவுன்ட்டில் ஒரு வருடச் செலவைப் போட்டுவைக்க வேண்டும், இப்போது 11,904 யூரோ, நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்ப வரும். படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், அதை வைத்து இரண்டாவது வருடத்தைச் சமாளிக்கிறவர்கள் நிறையப் பேர். முதல் வருடத்துக்கு அதை நம்பி வராதீர்கள், வந்து இறங்கியதும் பாடச் சுமையும் மொழியும் சேர்ந்து அமுக்கும்.

இந்தியாவில் படித்தவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம், 2022 நவம்பரிலிருந்து அது இல்லாமல் விசா வாங்க முடியாது. அதைத்தான் முதலில் போடுங்கள், 18,000 ரூபாய் கட்டி, மார்க்‌ஷீட் நகல்கள் அனுப்பி, வருவதற்குச் சில வாரம் ஆகும், கூட்டம் சேர்ந்தால் இன்னும் இழுக்கும். எல்லாம் தயாராக இருந்தும் ஏபிஎஸ் வராமல் கடைசித் தேதியைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7.6 பற்றி. இங்கே அதை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றுவார்கள், அதில் குறைந்த எண்தான் நல்ல எண். அதிகபட்சத்திலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும். தேர்ச்சிக்கு 5 என்று எடுத்தால் உங்களுக்கு 2.44 வரும். 6 என்று எடுத்தால் 2.8 ஆகிவிடும். நிறைய இடத்தில் எல்லைக்கோடு 2.5 என்று வைத்திருக்கிறார்கள், அதனால் உங்கள் ரெகுலேஷனில் (பல்கலைக்கழகப் பாடத்திட்ட விதிகளில்) குறைந்தபட்சத் தேர்ச்சிக் கிரேடு என்ன என்பது உங்கள் விஷயத்தில் உயிர்நாடி. மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதில் அச்சிட்டிருக்கும்.

அப்புறம் பாடப் பொருத்தம். கணக்கு எத்தனை கிரெடிட், மெக்கானிக்ஸ் எத்தனை, தெர்மோ எத்தனை என்று அவர்கள் கேட்கும் அளவுக்கு இருக்கிறதா என்று ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள். சிஜிபிஏ நன்றாக இருந்தும் இதில் அடிபடுகிறவர்கள் உண்டு. அரியர் ஒன்றுக்கு யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். ஆகன் பல்கலைக்கழகத்தில் வெல்டிங்குக்கும் இணைப்பு முறைகளுக்கும் என்றே ஒரு இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, அதன் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஜெர்மன் மொழியை இன்றைக்கே ஆரம்பியுங்கள். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போனால் ஜெர்மனில்தான் பேசுவார்கள்.


பாகாயம் வாத்தியார்:

அம்மா, நான் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடா வருடம் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவன் என்பதால் அதைப் பற்றியும் எஸ்ஓபி பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கன்சல்டன்சி எழுதித் தரும் கடிதத்தில் கையெழுத்து வாங்கவே வாங்காதீர்கள். நிறையப் பல்கலைக்கழகங்கள் பேராசிரியரின் கல்லூரி மின்னஞ்சலுக்கு நேராக இணைப்பு அனுப்புகின்றன, கடிதத்தை அவர்தான் ஏற்ற வேண்டும். பேராசிரியர் பெயரில் ஏஜென்சியே ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து அனுப்புகிற வழக்கம் இருக்கிறது, அது மோசடி, பிடிபட்டால் போவது உங்கள் அட்மிஷன். அவர்கள் உங்களிடம் பணம் கேட்கவில்லை என்றால் இன்னும் யோசிக்க வேண்டும், ஆள் சேர்த்துவிடுவதற்குப் பல கல்லூரிகள் ஏஜென்சிகளுக்குக் கமிஷன் தருகின்றன, அந்த எட்டுப் பெயர் எப்படி வந்தது என்பது அதிலேயே தெரியும்.

யாரிடம் கேட்பது என்றால், உங்களை உண்மையிலேயே தெரிந்தவரிடம். எச்ஓடி, பிரின்சிபால் என்று பதவி பார்த்துப் போகிறார்கள் பிள்ளைகள். "இந்த மாணவி ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்" என்று நாலு வரி எழுதித் தருவார், அதைப் படிக்கிற குழுவுக்கு அதில் ஒன்றுமே இல்லை. உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட் கைடு எந்தப் பதவியில் இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவரால் சொல்ல முடியும். மூன்று கடிதம் கேட்டால் ஒன்று உங்கள் கம்பெனி க்வாலிட்டி மேனேஜரிடம் வாங்குங்கள். கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: அவரிடம் எந்தப் பாடம் படித்தேன், என்ன மதிப்பெண், புராஜெக்ட்டில் என் பங்கு எது, எந்தப் பல்கலைக்கழகம், கடைசித் தேதி எது. ஆறு வாரம் முன்னால் கொடுங்கள். நாளைக்குக் கடைசித் தேதி என்று சொல்லி இன்றைக்கு வந்து நிற்பார்கள், என்னதான் பிரியம் இருந்தாலும் நல்ல கடிதம் எழுத முடியாது.

இப்போது எஸ்ஓபி. நீங்கள் கேள்வியில் எழுதியிருக்கும் மூன்றாவது பத்தி இருக்கிறதே, அதுதான் உங்கள் எஸ்ஓபி. என் மேஜைக்கு வருகிற எஸ்ஓபிகளில் பாதிக்கு மேல் "சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது ஆர்வம்" என்றுதான் ஆரம்பிக்கின்றன, ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தால் பெயர் மட்டும்தான் மாறும். உங்களிடம் நூல் கட்டி அளந்த நோட்டு இருக்கிறது. தகட்டின் கனம், ஆங்கிளின் அளவு, வெல்டின் கால் (லெக்) நீளம், கரன்ட், வோல்ட்டேஜ், வேகம், எந்த வரிசை, எத்தனை மில்லிமீட்டர் வளைவு, இவற்றை ஒரு அட்டவணையாக்குங்கள். ஏன் குறைகிறது என்று கேட்டீர்கள். வெல்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது, சுற்றியிருக்கும் குளிர்ந்த உலோகம் விட மாட்டேன் என்கிறது, வெல்டு தகட்டின் ஒரு முகத்தில் மட்டும் இருப்பதால் அந்தப் பக்கம் இழுத்துத் தகடு வளைகிறது. விட்டு விட்டுப் போடும்போது சூடு ஒரே இடத்தில் குவியாமல் பரவுகிறது, முதலில் போட்ட துண்டுகள் ஆறி இறுகித் தகட்டைப் பிடித்துக்கொள்கின்றன. இதை எலாஸ்டிக்-பிளாஸ்டிக் தெர்மல் பிரச்சினையாக ஃபைனைட் எலிமென்ட்டில் (தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) போட்டுப் பார்க்கலாம், மிச்ச அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷனில் அளக்கலாம். நான் அளந்தது இது, எனக்கு விளங்காதது இது, அதற்கு உங்கள் துறையில் இன்ன பாடமும் இன்ன லேபும் வேண்டும் என்று எழுதுங்கள். கம்பெனி வரைபடம், வாடிக்கையாளர் பெயர் எதையும் அதில் சேர்க்காதீர்கள், மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அரியரைப் பற்றி எஸ்ஓபியில் ஒரு பத்தி அழ வேண்டாம். கேட்டால் ஒரு வரி சொன்னால் போதும்.


திருப்பத்தூர் கிளை:

வங்கியில் வேலை பார்க்கிறேன், மனை பற்றி மட்டும். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை, அதற்கு மேலே போனால் கேட்பார்கள். உங்கள் மனை கூட்டாக இருப்பதால் பெரியப்பாவும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அடமானம் வைக்க முடியும், இல்லையென்றால் முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு, தனிப் பட்டா வாங்கி, வில்லங்கச் சான்றோடு வர வேண்டும். அது சட்டென்று நடக்கிற காரியம் இல்லை. அட்மிஷன் வந்த பிறகு பெரியப்பாவிடம் பேசலாம் என்று தள்ளிப்போடாமல் இப்போதே அப்பாவை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.


வாலாஜா மெக்:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, மனமார்ந்த நன்றி. மார்க்‌ஷீட் பின்பக்கம் பார்த்தேன் ஆகன் அண்ணா, எங்கள் ரெகுலேஷனில் தேர்ச்சிக் கிரேடு 6-இல்தான் ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் 2.8 தானே? வாத்தியார் சார், நோட்டில் கரன்ட், வோல்ட்டேஜ் குறித்து வைக்கவில்லை, வளைவும் வரிசையும் மட்டும்தான் இருக்கிறது. அமெரிக்கா பற்றி யாரும் சொல்லவில்லையே, தோழி ஒருத்தி அங்கேதான் போகலாம் என்கிறாள்.


ஆரணி அக்கா:

அமெரிக்காவில் மெக்கானிக்கல் பிஎச்டி செய்கிறேன், நான் சொல்கிறேன்.

இங்கே எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம்தான், பிஎச்டிக்குத்தான் கட்டணத் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் வரும். பி.இ. முடித்துவிட்டு நேராக பிஎச்டிக்கே விண்ணப்பிக்கலாம், நம் ஊரில் இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆனால் நாலைந்து வருடம் ஒரே கேள்வியோடு குடித்தனம் நடத்த மனசு வேண்டும். வெறும் எம்.எஸ்.ஸுக்குக் கூட்டு மனையை அடமானம் வைத்து நாற்பது, ஐம்பது லட்சம் கடன் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். படிப்பு முடிந்து 12 மாதமும், பொறியியல் என்பதால் இன்னொரு 24 மாதமும் வேலை பார்க்க அனுமதி உண்டு, அதற்குள் வேலையும் விசாவும் அமைந்தால்தான் கடன் அடையும், அது உங்கள் கையில் இல்லை.

விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை, கேட்கிற இடத்துக்கு மட்டும் எழுதினால் போதும், ஸ்கோர் ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனிக் கட்டணம், அதனால் பத்து இடத்துக்குப் போடாமல் உங்கள் வேலையோடு பொருந்துகிற நாலைந்து இடம் மட்டும் பாருங்கள். ஒஹையோ ஸ்டேட்டில் வெல்டிங் இன்ஜினியரிங்கே தனிப் படிப்பாக இருக்கிறது. பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினால் அவருடைய கட்டுரை ஒன்றை உண்மையிலேயே படித்துவிட்டு, உங்கள் அட்டவணையை இணைத்து, பத்து வரிக்குள் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.


குடியாத்தம் டு ஆகன்:

6 என்றால் 2.8 தான். ஜெர்மனியை விட வேண்டாம், ஆனால் 2.5 கேட்கும் இடங்களுக்கு நேரத்தைச் செலவழிக்காமல் எல்லை போடாத, அல்லது 3.0 வரை எடுக்கும் பல்கலைக்கழகங்களாகப் பாருங்கள். வேலை அனுபவத்துக்குப் புள்ளி தருகிற இடங்களும் உண்டு. உங்கள் நிலையில் நானாக இருந்தால் கேட்டை முதலாவதாகவும் ஜெர்மனியை இரண்டாவதாகவும் வைப்பேன், கேட் ரிசல்ட் மார்ச்சில் வந்துவிடும், இங்கே பல இடங்களின் கடைசித் தேதி அதற்கு அப்புறம்தான்.


பாகாயம் வாத்தியார்:

கரன்ட், வோல்ட்டேஜ் இல்லாவிட்டால் பரவாயில்லை, இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்கள், இல்லாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். அடுத்த பேனல் வரும்போது மெஷினில் காட்டும் எண்களை வெல்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு தகட்டில் ஒரே ஓட்டமாக, இன்னொன்றில் விட்டு விட்டு, மற்றது எல்லாம் ஒரே மாதிரி வைத்து. வளைவை நடுவில் மட்டும் அளக்காமல் நாலு மூலையிலும் அளந்து பாருங்கள். அளந்ததைத் தாளில் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் கல்லூரிக்கு வாருங்கள், தனிச்செய்தியில் இடம் சொல்கிறேன், ஒரு சின்ன மாடல் போட்டுப் பார்ப்போம். கேட் விண்ணப்பம் திறந்ததும் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள், தேர்வு மைய நகரப் பட்டியலில் வேலூர் இருந்தால் அதையே முதலில் கொடுங்கள்.